வடிகஞ்சி மோர்

எனக்கு வயது எழுபத்தொன்று. நான்கு பேரை வளர்த்தேன். இரண்டு ஆண், இரண்டு பெண். யாரிடமும் போய் நிற்காமல், யாரும் ஒரு சொல் சொல்லும்படி வைக்காமல் வளர்த்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன், எழுத உட்கார்ந்தால் ஒரு வரிக்கு ஒரு மூச்சு வேண்டும். ஆடியில் ஆரம்பித்தேன், முதல் பக்கத்தைத் திருத்தி எழுதும்போது ஐப்பசி வந்துவிட்டது. அவசரம் ஒன்றும் இல்லை. எனக்கு வேறு வேலையும் இல்லை.

என் வீட்டுக்காரர் கைலாசபுரத்துப் பெரிய ஃபேக்டரியில் வெல்டராக இருந்தார். பிள்ளைகள் நான்கு பேரும் அங்கே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். ரிட்டயர் ஆனதும் ஸ்ரீரங்கத்தில் இரண்டு ரூம் ஃபிளாட் ஒன்று வாங்கினார். காவிரியும் பெருமாளும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நான்கு வருஷம் நடந்தார். பிறகு என்னை இரண்டாவது மாடியில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

காலையில் பால்காரர் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். முகம் பார்த்ததில்லை. பக்கத்து ஃபிளாட்டில் பூட்டு, அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகள் வரிசையாகப் போன் செய்வார்கள். "சாப்டியாம்மா? மாத்திரை போட்டியா?" இரண்டு கேள்வி. மாத்திரை என்பது சர்க்கரைக்கு. இருபது வருஷமாகப் போடுகிறேன். சில வாரம் புதன், வியாழன், வெள்ளி என்று என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன். ஞாயிறன்று பேச வாய் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும். "சளியா?" என்பார்கள். "ஆமா, பனி" என்பேன். சித்திரை மாதத்திலும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை.

போன வருஷம் என் கடைசிப் பெண் வந்தாள். முப்பத்துநாலு வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். மாப்பிள்ளையைக் கம்பெனி ஆறு மாதத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது. மாமியார் இல்லாத வீடு. ஐந்தாம் மாதத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். வேலையை இங்கேயிருந்தே பார்க்கலாமாம். உள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு காதில் மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பாள். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் வீட்டில் ஒரு குரல் கேட்டது. அடுப்பில் இரண்டு பேருக்கு உலை வைத்தேன். அது போதும் என்றிருந்தது.

ஆறாம் மாதத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வரச்சொன்னார்கள். தில்லை நகரில் ஒரு லேடி டாக்டர். ஆட்டோ பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிப் போனோம். நர்ஸ் ஒரு பாக்கெட் குளுக்கோஸைப் பிரித்து, பெரிய டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள்.

"பத்து நிமிஷத்துக்குள்ள மடமடன்னு குடிச்சிடுங்க அக்கா. வாந்தி எடுத்துட்டா இன்னொரு நாள் வரணும். ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்போம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இம்புட்டுச் சர்க்கரைத் தண்ணியக் குடிக்க வெச்சுட்டு, ரத்தத்துல சர்க்கரை இருக்கான்னு பாத்தா இல்லாமப் போகுமா? எனக்கு ஊத்திப் பாரு, எனக்கும்தான் இருக்கும்."

"உங்களுக்கு ஊத்தவே வேணாம் பாட்டி. பையில மாத்திரை டப்பா எட்டிப் பாக்குது" என்றாள். என் பெண் குடித்துக்கொண்டிருந்ததைத் துப்பப் பார்த்தாள், சிரிப்பில். நர்ஸே விளக்கினாள்: "நல்லா இருக்குற உடம்புன்னா ரெண்டு மணி நேரத்துல அந்தச் சர்க்கரைய அதுவே எடுத்து வெச்சுக்கும். மாசமா இருக்கும்போது சில பேருக்கு அது முடியாமப் போகும். அதத்தான் பாக்குறோம்."

பிறகு ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். வீட்டில் யாருக்குச் சர்க்கரை? அம்மாவுக்கு. எத்தனை வருஷமா? இருபது. அடுத்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "உங்களுக்கு ரொம்ப வெயிட்டா ஏதாவது குழந்தை பொறந்துச்சா பாட்டி? பொறந்து தவறிப்போனது ஏதாவது?"

என் பெண் என் முகத்தைப் பார்த்தாள்.

"நாலு பேரு. நாலும் கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.

நர்ஸ் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. அதுவும் தெரியும்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. சர்க்கரை இருந்தது.

அன்றிலிருந்து என் சமையலறை என் கையில் இல்லை. டாக்டர் ஒரு சார்ட் கொடுத்தார். காலை இரண்டு இட்லி, சாம்பாரில் காய் நிறைய. பதினொரு மணிக்குச் சுண்டல். மத்தியானம் ஒரே ஒரு கப் சோறு, காய் இரண்டு கப். ராத்திரி இரண்டு சப்பாத்தி. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் இருபது நிமிஷம் நடை. ஒரு சின்ன மெஷின் வாங்கினோம். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் தொட்டால் நம்பர் காட்டும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள், என்ன சாப்பிட்டேன், எவ்வளவு காட்டியது என்று.

முசிறியிலிருந்து என் தம்பி பூவன் தார் ஒன்று கொண்டுவந்தான். அது பழுத்து, கனிந்து, ஈ மொய்த்து, கடைசியில் வாட்ச்மேன் வீட்டுக்குப் போனது. பிள்ளைத்தாய்ச்சிக்கு நாக்கில் ஒரு இனிப்பு வைக்கமுடியவில்லை. வாய்க்கு ருசியாக நான் சமைத்துப்போட ஒரு ஆள் வந்ததே என்று இருந்தவள், காயை நறுக்கி நறுக்கித் தட்டில் அடுக்கினேன்.

சோறு விஷயத்தில் மட்டும் நான் டாக்டரைவிட ஒருபடி மேலே போனேன். குக்கர் சோறு சர்க்கரைக்கு ஆகாது, வடித்த சோறுதான் ஆகும் என்று நம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் குக்கரைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டுப் பழைய வெண்கலப் பானையை எடுத்தேன். நன்றாக வேகவிட்டு, சிப்பல் போட்டு மூடி, சாய்த்து வடித்தேன். சோறு ஒரு கப்தான் அவளுக்கு. சரி.

கீழே சட்டியில் கஞ்சி நின்றது. வெள்ளையாக, கொழகொழவென்று, ஆவி பறக்க. அரிசியின் சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை சிங்க்கில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அவள் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள். பெரிய பாட்டிலை மேஜைமேல் வைத்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவே நடுவே குடிப்பாள். பாத்ரூமுக்கு எழுந்து போவாள். வந்து மறுபடி குடிப்பாள். எத்தனை தடவை குடிக்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"தண்ணியக் கொறச்சுக்க."

"ஏம்மா? தாகமா இருக்கே."

"குழந்தை ஊறிடும்."

"என்னது, ஊறிடுமா? ஊறுகாயா அது?" என்று சிரித்தாள். "எந்தக் காலத்துலம்மா இருக்க?"

சிரித்தால் சிரிக்கட்டும் என்று பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். தாகம் என்று வந்தால் மோர் கொடுத்தேன். தயிரைக் கடைந்து, உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, தண்ணீருக்குப் பதிலாக அந்த வடிகஞ்சியை ஆறவைத்து ஊற்றினேன். சில நாள் அடியில் குழைந்த சோறு ஒரு கைப்பிடி இருந்தால் அதையும் கரைத்துவிடுவேன். அவளுக்குத் தெரியாது. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. அது சொல்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. சோறுதானே ஆகாது, நீர்தானே இது.

"அம்மா, ஒன் மோர் மட்டும் எப்பிடி இப்பிடி இருக்கு? பெங்களூர்ல வெச்சா வரவே வராது." ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடித்தாள். அவள் டம்ளரைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டால் எனக்கு நிறைவாக இருக்கும்.

மூன்று வாரம் கழித்து டாக்டரிடம் போனோம். நோட்டைப் புரட்டினார். சாப்பாட்டுக்குப் பிறகு நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டுமாம். இவளுக்கு நூற்று அறுபது, நூற்று எழுபது. ஸ்கேனைப் பார்த்தார்.

"குழந்தையோட வயிறு வாரக் கணக்குக்குக் கொஞ்சம் பெருசா இருக்கும்மா. நோட்ல எழுதியிருக்கிறதைப் பாத்தா சாப்பாடெல்லாம் சரியா இருக்கு. அப்புறம் ஏன் ஏறுது?"

"சத்தியமா வேற எதுவும் சாப்பிடல டாக்டர்."

"குடிக்கிறது? ஜூஸ் ஏதாவது?"

"மோர் மட்டும்தான். தண்ணிகூட அம்மா குடுக்க மாட்டேங்கறாங்க. குழந்தை ஊறிடுமாம்."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான், கேலி இல்லை. "சர்க்கரை அதிகமா இருந்தா தாகம் எடுக்கும்மா. தண்ணியால ஒண்ணும் வராது. அந்தக் காலத்துல பொம்பளைங்க குடம் குடமாத் தண்ணி குடிச்சாங்க, குழந்தை பெருசாப் பொறந்துச்சுன்னு சொல்வாங்கள்ல? அதுல நெறையப் பேருக்குச் சர்க்கரை இருந்திருக்கும். யாரு பாத்தா அப்ப?" பிறகு என் பெண் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இப்பிடியே போனா குழந்தை ரொம்பப் பெருசாகும். பொறக்கும்போது தோள் மாட்டும். பொறந்தவொடனே குழந்தைக்குச் சர்க்கரை சடார்னு எறங்கும். ஒரு வாரம் பாப்போம். கொறையலன்னா இன்சுலின் ஆரம்பிச்சுடலாம். அத நெனச்சு பயப்படாதீங்க, குழந்தைய அது ஒண்ணும் பண்ணாது."

தோள் மாட்டும் என்று அவர் சொன்னதற்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் விழவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா, மோரில் கஞ்சி ஊற்றினேன் என்று ஒரு வார்த்தை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் பெண்ணின் காது சிவந்திருந்தது, சின்ன வயதில் மார்க் குறைந்தால் சிவக்குமே அப்படி. பார்த்தேன். பார்த்தும் வாய் வரவில்லை. நான்கு பேரை வளர்த்தவள், ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குச் சோறு போடத் தெரியாதவள் என்று ஆகிவிடுவேனே என்று இருந்தது.

மறுநாள் சோறு வடித்ததும் கஞ்சியை சிங்க்கில் ஊற்றினேன். தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன். மோரை மோராகக் கொடுத்தேன்.

"என்னம்மா, இன்னிக்கு மோர் தண்ணியா இருக்கு?"

"தயிர் சரியா உறையல" என்றேன்.

நான்கு நாள் ஆயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கிற நம்பர் இறங்க ஆரம்பித்தது. நூற்று நாற்பது, நூற்று முப்பது, ஒரு நாள் நூற்றுப் பதினெட்டு. இனி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை குப்பைக் கூடையைக் கட்டும்போது அடியில் ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலம் இருந்தது. பிரித்தால் இரண்டு சப்பாத்தி. அதன்கீழே இன்னொரு பொட்டலம். அதில் இரண்டு. காய்ந்து வளைந்திருந்தது. ராத்திரி ரூமுக்குள் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிடுவாள், மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டே. நான் போய்ப் பார்ப்பதில்லை.

அவள் பல் தேய்த்துவிட்டு வந்தாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"இது என்னடி?"

ஒளிக்கவில்லை. சந்தோஷமாகச் சொன்னாள், அதுதான் என்னை உலுக்கியது. "ராத்திரி சாப்பிடறதில்லம்மா. பாத்தியா, எப்பிடி எறங்குதுன்னு? இதான் வேலை செய்யுது. இன்னும் ரெண்டு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா ஊசியே வேணாம்."

"ரெண்டு மாசம் பட்டினியா கெடப்ப? வயித்துல இருக்கறது?"

"அது என்கிட்டருந்து எடுத்துக்கும்மா. எங்கேயோ நான்தானே தப்புப் பண்றேன். எல்லாத்தையும் சரியாத்தானே சாப்ட்டேன், அப்புறம் ஏன் ஏறுச்சு? என் ஒடம்புதான் சரியில்ல. ஏழு வருஷம் தங்கல, இப்ப தங்கினதையும்..."

சொல்லாமல் விட்டால் இவள் பட்டினி கிடப்பாள். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"மோர்ல கஞ்சி கலந்தேன்" என்றேன்.

"என்ன?"

"சோறு வடிச்ச கஞ்சி. மூணு வாரமா ஊத்துனேன். டாக்டர் சொன்ன அன்னைக்கு மறுநாள்லேந்து நிறுத்திட்டேன். அதான் எறங்குது. நீ பட்டினி கெடந்ததால இல்ல."

முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு. "அதான் பாயசம் மாதிரி இருந்துச்சா!" என்றாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அன்னைக்கே ஒனக்குத் தெரியும்ல? நான் ஏதோ திருடித் தின்னுட்டு வந்து பொய் சொல்ற மாதிரி உக்காந்திருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து ஃபேனப் பாத்துக்கிட்டிருந்த."

"ஆமா."

"ஏம்மா? ஏன் சொல்லல? தண்ணியத்தான் ஏன் ஒளிச்சு வெச்ச?"

இதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அதை எடுத்ததில்லை. அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை.

உன் பெரியண்ணனுக்கு முன்னால் ஒன்று பிறந்தது என்றேன். எனக்குப் பத்தொன்பது வயது. முசிறியில் உங்கப்பா வீட்டில் இருந்தேன். அது வயிற்றில் இருந்தபோது எனக்கு அடங்காத தாகம். வாழைக்கொல்லையில் வேலை செய்துவிட்டு வந்தால் சொம்பால் மொண்டு குடித்து மாளாது. பானையோடு கவிழ்த்துக் குடிப்பேன். வாய்க்கால் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிப்பேன். கொல்லைப்பக்கம் போவதும் வருவதுமாக இருப்பேன். மாமியார் கண்டித்துப் பார்த்தார். எனக்கு அடக்க முடியவில்லை. வலி எடுத்து ஒன்றரை நாள். தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. மருத்துவச்சி முழங்கால் போட்டு அழுத்தினாள். வந்தபோது பிள்ளை நீலமாக இருந்தது. மூன்று மாதப் பிள்ளை மாதிரி கொழுகொழு என்று இருந்தது, கன்னம், மணிக்கட்டில் மடிப்பு எல்லாம். அத்தனை அழகு. விட்டு விட்டு வெட்டி இழுத்தது. மத்தியானம் அடங்கிவிட்டது. மாமியார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொடங்கொடமாத் தண்ணியக் குடிச்சா புள்ள ஊறாம என்ன செய்யும்?" ஊரே வந்து பார்த்துவிட்டு அதையே சொல்லிவிட்டுப் போயிற்று. நானும் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீங்கள் நான்கு பேரும் வயிற்றில் இருந்தபோது நான் தாகத்துக்குத் தண்ணீர் குடித்ததில்லை. வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவேன்.

அவள் நிலைக்கதவிலேயே நின்றாள்.

"அண்ணனுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பா?"

"அப்பாதான் தூக்கிட்டுப் போனாரு. எங்க வெச்சாருன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல."

"பொண்ணா?"

"பொண்ணு."

"பேரு?"

"அர நாள் புள்ளைக்கு யாரு பேரு வெப்பா?"

அவள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போவாள். காலியாகக் கொண்டுவந்து கழுவி வைப்பாள். சப்பாத்தியைச் சாப்பிட்டாள், அது எனக்குத் தெரியும். குப்பையைத் தினமும் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் கேட்டது. இந்தப் பக்கம் நான் இருந்தேன். யாருமே இல்லாமல் இருந்த வருஷங்களில்கூட அந்த வீடு அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறை வரை நடந்து போய்ப் படியில் உட்கார்ந்தேன். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஆடிப்பெருக்கு முடிந்து யாரோ விட்ட மஞ்சள் கயிறு படியில் ஒட்டிக்கிடந்தது. நான் எதற்கு அவளிடம் சொன்னேன் என்று யோசித்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் செத்த பிள்ளைக் கதை சொல்வார்களா எவராவது? சொல்லாமல் இருந்தால்? இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன்.

மூன்றாம் நாள் டாக்டரிடம் போக வேண்டிய நாள். ஆட்டோவிலும் பேசவில்லை. நர்ஸ் எடை பார்க்கக் கூப்பிட்டபோது இவளே சொன்னாள்: "சிஸ்டர், அன்னைக்கு ஃபார்ம்ல எழுதினது தப்பு. அம்மாவுக்கு மொத்தம் அஞ்சு. முதல் குழந்தை ரொம்பப் பெருசு. பொறந்த அன்னைக்கே தவறிடுச்சு." அப்படியே டாக்டரிடமும் சொன்னாள். கஞ்சியையும் சொன்னாள், சப்பாத்தியையும் சொன்னாள்.

டாக்டர் இருவரையும் திட்டினார். பட்டினிக்கு அவளை, கஞ்சிக்கு என்னை. "சோத்துல இருக்கிற மாவுதான் கஞ்சியிலயும் இருக்கு. வடிச்சாலும் வடிக்காட்டியும் அளவுதாம்மா கணக்கு" என்றார். எனக்கு அப்போது பெருமை எதுவும் மிச்சமில்லை. கேட்டுவிட்டேன்: "அந்தப் புள்ள சர்க்கரையாலதான் போச்சா டாக்டரம்மா?"

"அம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்தத நான் இப்ப எப்பிடி உறுதியாச் சொல்றது? இருந்திருக்கலாம். ஆனா தண்ணி குடிச்சதால எந்தக் குழந்தையும் சாகாது. அது உறுதி."

வெளியே வந்தேன். வரவேற்பறையில் தண்ணீர் கேன் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். இன்னொன்று குடித்தேன். மூன்றாவது பிடிக்கும்போது பக்கத்தில் இருந்த பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குடித்துவிட்டுத்தான் வைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கிற நம்பர் சரியாகிவிட்டது. காலை வெறும் வயிற்று நம்பர் மட்டும் இறங்கவில்லை. அது என் கஞ்சியாலும் இல்லை, அவள் சப்பாத்தியாலும் இல்லை, அந்த உடம்பின் கணக்கு என்றார் டாக்டர். படுக்கப்போகும்போது கொஞ்சமாக இன்சுலின் போடச் சொன்னார். ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பேனா மாதிரி ஊசி வந்து உட்கார்ந்தது.

முதல் நாள் என்னைக் கூப்பிட்டாள். அடுப்படியில் சொன்ன நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்து "அம்மா" என்று அவள் கூப்பிட்டது அன்றுதான். "நான் போட்டுக்கறேன். நீ சும்மா பக்கத்துல நில்லு" என்றாள். தொடையைப் பிடித்துக் குத்திக்கொண்டாள். நான் நின்றேன். அதற்குப் பிறகு தினமும் நின்றேன்.

முப்பத்தெட்டு வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். பையன். மூன்று கிலோ நூறு கிராம். தோள் எங்கும் மாட்டவில்லை. பிறந்ததும் பால் கொடுக்கச் சொல்லிவிட்டு, குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ஒவ்வொரு தடவை குத்தும்போதும் வீல் என்று அலறினான். அந்த அலறலை நான் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன். எல்லாத் தடவையும் சரியாகத்தான் காட்டியது. சரி என்று நர்ஸ் சொன்ன பிறகும் இன்னொரு தடவை குத்திப் பார்க்கட்டுமே என்று இருந்தது எனக்கு. முசிறியில் வெட்டி இழுத்த பிள்ளைக்குச் சத்தமே வரவில்லை.

ஆறு வாரம் கழித்து இவளுக்கு மறுபடி அந்தச் சர்க்கரைத் தண்ணீர்ப் பரிசோதனை. இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான்காம் மாதம் மாப்பிள்ளை வந்து அழைத்துக்கொண்டு போனார். போகும்போது மெஷினை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். தினமும் காலையில் குத்திப் பார்க்கிறேன். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் வாய்விட்டு நம்பரைச் சொல்வேன். அப்படியாவது காலையில் ஒரு பேச்சு.

இந்த ஆடியில் போன் செய்தாள். "அம்மா, அண்ணன் பொண்ணுங்களுக்கும் அக்கா பொண்ணுக்கும் இது தெரியணும். நாளைக்கு டாக்டர் அதே கேள்விய அவங்ககிட்டயும் கேப்பாரு. நான் சொன்னா கதை மாதிரி ஆயிடும். நீ சொல்லு."

சொல்கிறேன் என்றேன். ஆனால் "சாப்டியா, மாத்திரை போட்டியா" என்கிற போனில் இதை எங்கே வைத்துச் சொல்வது? மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன். அதனால்தான் நோட்டை எடுத்தேன்.

பெரியவனின் மகள் தீபாவளிக்கு வந்திருக்கிறாள். சென்னையில் வேலை. வருகிற தையில் அவளுக்குக் கல்யாணம். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தை நான் இங்கே தனித்தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போதே முன் பக்கங்களைக் கண்ணால் ஓட்டப் பார்த்தாள். விடவில்லை.

"அப்பாயி, மனசுக்குள்ள படிச்சுக்கறேனே."

"வேணாம். ஒன் கண்ணு தாண்டிப் போயிடும். நான் எதையாவது மறைச்சிருந்தா எனக்கும் காதுலதான் விழும். மொதல்லேந்து சத்தமா வாசி. தொண்டை அடைச்சா தண்ணி குடிச்சுட்டு வாசி. நிறுத்தாத."